கத்திரி வெயிலைக் கண்டவர்களுக்கு

மெல்பர்னிலிருந்து வடமேற்கே இரண்டு, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினால் டனோலி வந்துவிடும். அவோகா, காசில்மெயின், வெட்டர்பர்ன் ஆகிய மூன்று ஊர்களையும் கோடு போட்டு இணைத்தால் உள்ளே அடங்கும் நிலத்துக்குத் தங்க முக்கோணம் என்று பெயர். டனோலி அதற்குள் இருக்கிறது. பக்கத்து மோலியாகலில்தான் 1869 பிப்ரவரி 5 அன்று ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற தங்கக் கட்டியை எடுத்தார்கள். சுத்தத் தங்கம் மட்டுமே 70 கிலோவுக்கு மேல். டனோலியில் இருந்த தராசு அதைத் தாங்காது என்பதால் கொல்லன் பட்டறையில் வைத்து உடைத்து நிறுத்தார்கள். ஒரு மரத்தின் வேரடியில், மேல் மண்ணுக்குச் சற்றுக் கீழேதான் அது கிடந்தது.

பிப்ரவரி என்றால் இங்கே நடுக்கோடை. அந்த இருவரும் பல ஆண்டுகளாக அதே மண்ணை வெட்டிப் பழகியவர்கள். டிசம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஏசி அறையிலிருந்து எழுந்து மெட்டல் டிடெக்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் நமக்கும் அவர்களுக்கும் நிறைய தூரம். தங்கம் தேட நல்ல பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். ஆனால் விடுப்பு கிடைப்பதும், பிள்ளைகள் வீட்டில் இருப்பதும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவதும் கோடையில்தான். அதனால் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எப்படிப் போவது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

முதலில் நம்மவர்களிடம் உள்ள ஒரு எண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "மே மாசக் கத்திரியையே பார்த்தவங்க நாம. இவங்க ஊர் வெயில் என்ன செஞ்சிடும்?" என்ற எண்ணம். நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். எனக்கும் அது இருந்தது. முதல் கோடையில் என்னைக் கீழே தள்ளியது அதுதான்.

சென்னை வெயிலில் உடம்பு நம்மை எச்சரித்துக்கொண்டே இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டும், நெற்றி வழியும், போதுமடா சாமி என்று நாமே நிழலுக்கு ஓடுவோம். மாலையில் கடற்காற்றும் வந்துவிடும். விக்டோரியாவின் உள்நாட்டு வெயில் அப்படியில்லை. கண்டத்தின் நடுவிலிருந்து வறண்ட வடக்குக் காற்று வீசும் நாளில் 40 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வியர்வை தோலில் தங்குவதே இல்லை, சுரந்த கணமே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். 'வேர்க்கவே இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று தோன்றும். ஆனால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகிக் குளிர்வதைப் போல நம் உடம்பும் குளிர்கிறது. பானையில் தண்ணீர் குறைவதை மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

இதோடு நம் பொழுதுபோக்கின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ஹெட்போனில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் கேட்காதா என்று மனம் முழுவதும் காதில் குவிந்திருக்கும். தாகம், தலைவலி, நேரம் எதுவுமே உறைக்காது. வயலில் களை எடுப்பவருக்குக்கூட நிமிர்ந்து பார்க்கும் இடைவெளி உண்டு. டிடெக்டரின் காயிலை வீசிக்கொண்டு போகிறவருக்கு அது இல்லை.

அந்த முதல் கோடையில் எனக்கு நடந்தது இதுதான். ஜனவரி, பகல் இரண்டு மணி. டனோலிக்கு வெளியே ஒரு சரிவில் ஆழமான சிக்னல் ஒன்று கிடைத்தது. கோடையில் அந்தக் களிமண் செங்கல்லாக இறுகியிருக்கும். இருபது நிமிடம் பிக்காசால் வெட்டினேன், அரை அடிகூட இறங்கவில்லை. உடன் வந்தவர் கிளிநொச்சிக்காரர், என்னைவிட இளையவர். அவரிடம், "காரை எங்கே விட்டோம்?" என்று கேட்டேன். அவர் கை நீட்டிக் காட்டினார். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டேனாம்.

"அண்ணை, இதைத்தானே இப்பவும் கேட்டனீங்கள். காணும், பிக்காசைத் தாங்கோ. காரடிக்குப் போவம்."

கேட்டதையே திரும்பக் கேட்பது, சொல் குழறுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றைக் களைப்பு என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். மூளை சூடாகிறது என்பதற்கான அறிகுறி அது. அதைக் கண்டுபிடிக்க இன்னொருவர் வேண்டும், தனக்குத் தானே தெரியாது. அன்று நான் தனியாகப் போயிருந்தால் இந்த நூலை எழுதியிருப்பேனா தெரியாது. கோடையில் தனியாகப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இன்றுவரை மீறியதில்லை.

கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்

உச்சி வெயில் என்றால் பன்னிரண்டு மணி என்று நமக்குப் பழக்கம். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறத்தாழ 1:20 ஆகியிருக்கும். நிலம் சூடேறி வெப்பம் உச்சம் தொடுவது அதற்கும் பிறகு, நான்கு ஐந்து மணிக்கு. 'மூணு மணி ஆச்சு, வெயில் தாழ்ந்திருக்கும்' என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மீண்டும் இறங்குகிறவர்கள் சரியாக உச்சத்தில் போய் நிற்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் காலை ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். முதல் நாள் இரவே அருகில் தங்கி, ஆறு மணிக்கு மண்ணில் கால் வைத்து, பத்தரைக்கு முடித்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நேரம் உண்மையான தேடல் ஒரு நாளைக்குப் போதும். வேண்டுமானால் மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் போகலாம், ஒன்பது மணிக்குக் கிட்டத்தட்டத்தான் பொழுது சாயும். ஆனால் அது பாம்புகளும் வெளியே வரும் நேரம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதல் நாளே நாலரை மணி நேரம் போக வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஊரில் பழகிய உடம்பு என்று வாதிடாதீர்கள். இரண்டு வாரம் ஏசியில் இருந்தாலே அந்தப் பழக்கம் குறைந்துவிடும்.

தண்ணீரும் உப்பும்

பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர். தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். ஹெட்போனும் இயந்திரத்தின் பட்டையும் பிக்காசும் மாட்டியிருக்கும்போது பாட்டிலை எடுக்கச் சோம்பல் வரும். அதனால் குழாய் வைத்த முதுகுத் தண்ணீர்ப் பை வாங்குங்கள். இந்த நூலில் நான் சொல்லும் செலவுகளில் மிகவும் பயனுள்ளது அதுதான். கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அதிர்வு வையுங்கள். மணியோசை வைத்தால் ஹெட்போனுக்குள் கேட்காது.

ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்பதும் முக்கியம். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். இங்கேதான் நம் சமையலறை கைகொடுக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, ஊறுகாயோடு தயிர்சாதம், வெள்ளரிக்காய் எல்லாமே வெயிலில் உழைப்பவனுக்காகவே உண்டான சாப்பாடு. விளையாட்டு பானங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தயிரும் மோரும் மட்டும் காரில் சும்மா கிடக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில், முந்தின இரவே உறையவைத்த தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் வையுங்கள். உருகியதும் அதுவே குடிநீர். யாராவது துவண்டுபோனால் அக்குளில் வைக்க ஐஸும் அங்கேயே இருக்கும்.

காரில் ஆளுக்குப் பத்து லிட்டர் இருப்பு இருக்கட்டும். வண்டி மணலில் சிக்கிக்கொண்டால் அதன் அருமை தெரியும். ரத்த அழுத்தத்துக்கு, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கோடைக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போகக் கூடாது. ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு ஆர்வம் இருந்தால் காலை ஆறிலிருந்து எட்டு வரை அழைத்துப் போங்கள், அதற்கு மேல் வேண்டாம். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் அவர் சொல்வார். பிள்ளைகளையோ பெரியவர்களையோ நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட உட்கார வைக்காதீர்கள்.

உடை

வெளிர் நிறத்தில், தளர்வான, முழுக்கைப் பருத்திச் சட்டை. முழங்கால் வரை கட்டும் தடித்த கெயிட்டர், கணுக்கால் மறையும் பூட்ஸ். வெறும் தொப்பி போதாது, சுற்றிலும் ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு இருக்கும் துணித் தொப்பி வேண்டும். ஹெட்போன் பட்டையின் மேல் போடுகிற அளவுக்கு ஒரு சுற்று பெரிதாக வாங்குங்கள். ஈக்களுக்காக ஒரு வலை. விக்டோரியாவின் கோடைப் புறஊதாக் குறியீடு 11, 12 வரை போகும். 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு தேவை என்பது இங்குள்ள அறிவுரை. கறுத்த தோலுக்குச் சன்ஸ்கிரீன் எதற்கு என்று நினைப்போம். நம் தோலும் சுடும், கண் லென்ஸுக்கு நிறப் பாதுகாப்பும் கிடையாது. எஸ்.பி.எஃப் 50 பூசி, இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூசுங்கள். கறுப்புக் கண்ணாடி போடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஈரிழைத் துண்டு. நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டால் அந்த வறண்ட காற்றில் ஐந்தே நிமிடத்தில் சில்லென்றாகிவிடும். சென்னையில் இப்படிக் குளிராது. இந்த ஊர் வறட்சியால் கிடைக்கும் ஒரே நன்மை இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இயந்திரம்

குளிரூட்டிய காரிலிருந்து எடுத்ததும் டிடெக்டரைப் போட்டால் ரீங்காரம் நிலையில்லாமல் அலையும். பத்து நிமிடம் நிழலில் வெளிக்காற்றில் வைத்துவிட்டு மண்ணுக்கு ஏற்ப மறுபடி சமன் செய்யுங்கள். வெயில் ஏற ஏற இன்னும் ஓரிரு முறை செய்ய வேண்டியிருக்கும். லித்தியம் பேட்டரியைக் கார்க் கண்ணாடிக்குக் கீழே விடாதீர்கள். உபரி பேட்டரியை ஐஸ் பெட்டிக்குள் போடாமல், அதன் நிழலில் வையுங்கள். திரை கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம், நிழலில் ஆறினால் பெரும்பாலும் தெளியும். தங்கத்துக்கான இயந்திரங்கள் இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கும். தோள்பட்டைப் பட்டையும் மீள்கயிறும் போட்டு எடையை உடம்புக்கு மாற்றினால் கை ஓயாது, உடம்புச் சூடும் குறையும்.

உண்மையில் உடம்பைச் சுடவைப்பது காயில் வீசுவதல்ல, தோண்டுவதுதான். ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும் ஆழமான சிக்னலை அப்போதே முடிக்க நினைக்காதீர்கள். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, திறந்த குழியை மூடிவிட்டு, மறுநாள் காலை வாருங்கள். 'அதற்குள் வேறு யாராவது எடுத்துவிட்டால்?' என்ற பயம் எனக்கும் புரியும். 1980-ல் கிங்கவரில் மெட்டல் டிடெக்டரால் கிடைத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' 27 கிலோவுக்கு மேல். தங்க வேட்டை தொடங்கிய 1851-லிருந்து நூற்றுமுப்பது ஆண்டுகளாக ஆட்கள் நடந்து திரிந்த நிலத்தில்தான் அதுவும் கிடந்தது. ஓர் இரவில் நம் சிக்னல் பறிபோகும் வாய்ப்பு மிகக் குறைவு.

குழியை மூடுவது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட. மைனர்ஸ் ரைட் அனுமதி வைத்திருப்பவர் கைக்கருவிகளைத்தான் பயன்படுத்தலாம், தோண்டியதை மூடியாக வேண்டும். பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் தடை உண்டு. தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் வேண்டும். பழங்குடி மக்களின் இடங்களைத் தொடவே கூடாது.

காலுக்குக் கீழே, தலைக்கு மேலே

தங்க முக்கோணம் முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுரங்கக் குழிகள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. கோடைப் புல் அவற்றை மூடி மறைக்கும். சிக்னலின் நடுவைத் தேடிப் பின்னோக்கி நடக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இளைப்பாற நிழல் தேடும்போது மேலேயும் பாருங்கள். யூகலிப்டஸ் வகைகள், முக்கியமாக ஆற்றோரத்து 'ரெட் கம்' மரங்கள், காற்றே இல்லாத கொதிக்கும் பகலில் பெரிய கிளைகளைத் திடீரென்று உதிர்க்கும். ஊரில் ஆலமர நிழலில் கட்டில் போட்ட பழக்கத்தில் அவற்றின் கீழ் படுக்காதீர்கள். காருக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் கட்டினால் போதும்.

பழுப்புப் பாம்பு கடித்தால் வலியே இல்லாமல் இருக்கலாம். முள் குத்தியது என்று நினைத்து நடந்துவிடுவார்கள். ஹெட்போன் மாட்டியவருக்குச் சருகின் சலசலப்பும் கேட்காது. அதனால் ஒரு காதை விடுவித்து வையுங்கள். கடித்தது போல் சந்தேகம் வந்தாலே அங்கேயே உட்கார வேண்டும், ஓரடிகூட நடக்கக் கூடாது. கழுவுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, மேலே கயிறு கட்டுவது எதுவும் கூடாது. அகலமான மீள்துணிக் கட்டைக் கடிவாயின் மேல் சுற்றி, பிறகு விரல்நுனியிலிருந்து தொடங்கிக் கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றுங்கள். குச்சி வைத்து அசையாமல் கட்டி, 000-க்கு அழையுங்கள். இந்தக் கட்டு ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கான முறை. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் உள்ள நம் ஊருக்கு இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அப்படிப்பட்ட இரண்டு கட்டுத்துணிகளாவது முதுகுப் பையில், காரில் அல்ல, இருக்க வேண்டும்.

பள்ளத்தாக்குகளில் கைபேசி எடுக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிகாட்டி ஒன்று வாங்கி, உங்கள் பெயரில் பதிவு செய்து, இடுப்பில் மாட்டுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

தீ

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்தவருக்குக் காட்டுத்தீ என்பது செய்தியில் கேட்பது. இங்கே அது வெயிலின் மறுபாதி. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை. மெல்பர்னில் 46.4 டிகிரி. விக்டோரியா தீயில் 173 பேர் இறந்தார்கள். தங்க ஊரான பெண்டிகோவின் வீடுகளும் அன்று எரிந்தன. வடக்குக் காற்றில் நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்த தீ, மாலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் பக்கவாட்டு முழுவதையும் முகமாக்கிக்கொண்டு பாய்ந்தது. 'சாயங்காலம் குளிர்காற்று வருமாம்' என்று வானிலை அறிக்கையில் கேட்டு மகிழ்கிறோமே, தீ இருக்கும் நாளில் மிகக் கொடிய நேரம் அதுதான்.

தீ அபாயத்துக்கு நான்கு படிகள் உண்டு: மிதம், அதிகம், தீவிரம், பேரழிவு. தீவிரம் என்றால் நான் போவதில்லை. பேரழிவு என்றால் காட்டுப்பக்கமே யாரும் இருக்கக் கூடாது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் காட்டில் நெருப்பு மூட்டித் தேநீர் போடுவது குற்றம், ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். விக்எமர்ஜென்சி செயலியைக் காலையிலும் பத்து மணிக்கும் பாருங்கள். காரைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள், அடியிலுள்ள சூடான புகைக்குழாயே புல்லைப் பற்றவைக்கும். வெட்டவெளித் தரையில், மூக்கு வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள்.

ஒருவர் துவண்டால்

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தசைப்பிடிப்பு, கொட்டும் வியர்வை எல்லாம் வெப்பக் களைப்பு. நிழல், கால்களை உயர்த்திப் படுக்கை, ஈரத் துண்டு, விசிறல், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் மெல்ல மெல்ல. ஒரு லிட்டருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அரைமணியில் தெளியாவிட்டால் மருத்துவமனை.

பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், நினைவு தப்பினால் அது வெப்பத்தாக்கு. உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 000-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குடிப்பதற்கு வைத்த தண்ணீராயிற்றே என்று யோசிக்காதீர்கள்.

தெளிந்த பிறகு மறுநாள் மீண்டும் கிளம்பக் கூடாது. ஒரு முறை வெப்பம் தாக்கிய உடம்பு சில நாட்களுக்கு, சிலருக்குச் சில வாரங்களுக்கு, அடுத்த தாக்குதலுக்கு எளிதில் இடம் கொடுக்கும். அந்தக் கோடை முழுவதும் நான் திரும்பப் போகவில்லை. ஏப்ரலில், இரண்டு மழை பெய்த பிறகு, கிளிநொச்சித் தம்பியும் நானும் அந்தச் சரிவுக்குப் போனோம். ஜனவரியில் இருபது நிமிடத்துக்கு அரை அடிகூட விடாத மண், ஐந்து நிமிடத்தில் ஓர் அடி இறங்கியது. உள்ளே பழைய குதிரை லாடம் ஒன்று கிடந்தது. எடுத்து, குழியை மூடி, இலைச்சருகைப் பரப்பிவிட்டு அடுத்த சரிவுக்கு நடந்தோம்.